அப்பா துருசு திறந்த நாள்

அப்பா சிரித்துக்கொண்டு நின்றார்.

சாரத்தைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் வரைக்கும் தண்ணீர். குளக்கட்டின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாசலைத் துருசு என்போம். அதன் பலகைகள் இரண்டையும் மேலே தூக்கிவிட்டு, வாய்க்காலுக்குள் இறங்கி, அடைத்துக்கொண்டு வந்த சருகுகளைக் கையால் அள்ளி அள்ளிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்.

தண்ணீர் இரைந்த இரைச்சலில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது.

"பாத்தியா சரசு, எப்பிடிப் போவுது பாரு."

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். மலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னியில் வெள்ளாங்குளத்துக்கு வந்த பிறகு அப்பா பல் தெரியச் சிரித்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். அந்தச் சிரிப்பால் எங்களுக்கு வந்த வினையைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலபோகத்தின் தொடக்கம் அது. மாரி மழையை நம்பி விதைக்கிற பெரிய போகம். புரட்டாதி முழுக்கக் காய்ந்து கிடந்து, ஐப்பசிக் கடைசியில் முதல் பெருமழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றை அலுமினியச் சட்டியில் கட்டிக்கொண்டு, உரப்பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் குளக்கட்டுக்குப் போனேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா துருசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சோறு கெடக்கட்டும். கொளத்துக்குத் தண்ணி வந்து விழுற எடத்துக்கு ஓடிப்போயி, என்னா நெறத்துல வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அப்பாவுக்கு இடது கால் இழுக்கும். காட்டுத் தண்ணீர் குளத்துக்குள் விழுகிற அந்த இடத்தை ஆற்றுவாய் என்பார்கள். கட்டால் சுற்றிப் போனால் முக்கால் மைல். அதனால் என்னை அனுப்பினார். நான் ஓடினேன். திரும்பி ஓடிவந்தேன்.

"செவப்பா வருதுப்பா" என்றேன்.

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. எழும்பிப் பலகையைப் பிடித்தார்.

டேம் மாரிமுத்து

பத்திரிகையில் இந்தத் தொடரைப் பார்த்துக்கொள்கிற தம்பி போன வாரம் தொலைபேசி எடுத்தார். "அக்கா, இந்த முறையாவது கொஞ்சம் சந்தோஷமா எழுதுங்கோவன்" என்றார். எழுதலாம் தம்பி. சந்தோஷத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எடுத்து எழுதுகிறேன்.

சரி, டேமுக்கு வருவோம்.

மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு டேம் இருந்தது. டேம் என்றதும் பாடப்புத்தகப் படத்தில் உள்ளதுபோலக் கடல் மாதிரித் தண்ணீரை நினைத்துவிட வேண்டாம். இரண்டு பாறைகளுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு, கருங்கல்லால் கட்டிய ஒரு சுவர். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு.

தண்ணீரைச் சேர்த்து வைக்கிற அணை அல்ல அது, திருப்பி விடுகிற அணை. ஓடையை அந்தச் சுவரால் மறித்துப் பக்கத்து வாய்க்காலில் திருப்பி, மலைச்சரிவோடு அரை மைல் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய இரும்புக் குழாயில் கீழே விழுத்துவார்கள். கீழே பவர் ஹவுஸ். விழுகிற தண்ணீர் அங்கே சக்கரத்தைச் சுற்றும். அதில் வருகிற கரண்டில்தான் ஸ்டோர் ஓடியது. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

துரை பங்களாவுக்கும் அந்தக் கரண்ட் போனது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வரவில்லை. டேமைக் காக்கிற மனுசன் வீட்டில் குப்பி விளக்கு. இதை ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "அது ஸ்டோரு கரண்டு புள்ள" என்றார். அதற்கு மேல் கேட்க அதில் ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம்.

வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் கம்பிச் சல்லடை ஒன்று இருந்தது. இலை வந்து அடைத்தால் தண்ணீர் குறையும், ஸ்டோரில் விளக்கு மங்கும், கீழேயிருந்து ஏச்சு வரும். விளக்கு மங்கும் முன்பே, தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவார். தோட்டத்தில் அவருக்குப் பெயரே டேம் மாரிமுத்துதான்.

மழைக்காலத்தில் அவர் தண்ணீரின் சத்தத்தைவிட நிறத்தைத்தான் பார்ப்பார். மேலே எங்காவது மண் சரிந்தால் ஓடை சிவந்து வரும். சிவந்தால் உடனே வாய்க்காலை அடைத்து, சுவரின் அடியில் மண் தள்ளுவதற்கென்று இருக்கிற இரும்புக் கதவைத் திறந்து, தண்ணீர் முழுவதையும் ஓடையோடு விட்டுவிட வேண்டும். தெளிகிற வரைக்கும் மூடக்கூடாது.

ஓடை தெளிந்த பிறகும், செந்தண்ணீர் வந்து போனதா என்று அவரால் சொல்ல முடியும். கரையில் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த புல்லைப் பிடுங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துக் காட்டுவார். விரலில் செம்மண் ஒட்டும். "தண்ணி போயிருச்சுன்னாலும் மூணு நாளைக்குப் புல்லுல கெடக்கும்" என்பார்.

மணி அடிக்கவில்லை

வாய்க்காலை அடைத்தால் கரண்ட் நிற்கும். கரண்ட் நின்றால் இயந்திரத்தில் கிடக்கிற கொழுந்து பழுதாகும். ஆகவே ஸ்டோரில் மணி அடித்த பிறகுதான் அடைக்கலாம் என்பது உத்தரவு. மனுசர் பழுதாவதைப் பற்றி அந்த உத்தரவில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் தண்ணீர் சிவந்து வந்தது. அப்பா கீழே ஆள் அனுப்பிவிட்டு, வாய்க்கால் கதவில் கையை வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்து நின்றார். மணி அடிக்கவில்லை. வாய்க்கால் நடுச்சரிவில் மண் அடைத்து நிரம்பி வழிந்து, சரிவையே அறுத்துக்கொண்டு இறங்கியது. கீழே இருந்தது எங்கள் லயம். கடைசி இரண்டு காம்பரா வீடுகளை மண் மூடியது. அதில் ஒன்றுக்குள் என் தங்கச்சி மல்லிகா தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தா, நான் பள்ளிக்கூடத்தில்.

மல்லிகாவைப் பற்றி முன்பு இரண்டு வாரம் எழுதினேன். இன்னொருமுறை எழுத எனக்குத் தெம்பில்லை.

அப்பா மேலேயிருந்து மண்ணோடு மண்ணாகச் சறுக்கிக்கொண்டே இறங்கினார். உருண்டு வந்த கல் ஒன்று காலில் விழுந்தது. அன்றைக்கு இழுக்கத் தொடங்கிய கால்தான். பிறகு விசாரணை என்று வந்தவர்கள் காவல்காரனின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. "மணிக்கு ஏன்டா நின்னே, மணிக்கு ஏன்டா நின்னே" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருஷம் இனக்கலவரம். மிச்சமிருந்த லயமும் எரிந்தது. லொறியில் ஏறி வன்னிக்கு வந்து இறங்கிய கதை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே இருக்கிறது.

மாரிமுத்தர்

வெள்ளாங்குளத்தில் அப்பா முதலில் திகைத்துப் போனது நிலம் இப்படித் தட்டையாகக் கிடக்குமா என்றுதான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பூமி. மலைக்காரர்கள் எல்லோரும் கூலி வேலைக்குப் போனார்கள். அப்பாவும் அடம்பன் பக்கம் வயல் வேலைக்குப் போய் வந்தார். அறுவடைக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். கிணற்றடிக்குக் கூப்பிட மாட்டார்கள். மலையிலிருந்து வந்தவர்களை இளக்காரமாகச் சொல்கிற தோட்டக்காட்டான் என்ற சொல் முதுகுக்குப் பின்னால் எப்போதும் கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தோனிப்பிள்ளை வந்தார். இலுப்பைக்கடவைக் கரையில் கடல் தொழில் செய்த குடும்பம். சண்டையால் கடலுக்குப் போக முடியாமல், வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலுக்குத் திரும்பிய மனுசன். வயல் செய்கிறவர்களின் கமக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"மாரிமுத்தர், நீங்கள் மலையிலை அணைக்கட்டிலை வேலை செய்தனீங்களாம். எங்கட குளத்தைப் பாக்க ஒரு ஆள் தேவை. வாறீங்களோ?"

அப்பாவை மாரிமுத்தர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். டேய் மாரிமுத்து என்றே கேட்டுப் பழகிய அப்பா, யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சங்கக் கட்டடத்துக்குப் போனபோது உட்காரக் கதிரையும் கொடுத்தார்கள்.

அணை என்றால் அணைதான் என்று அந்தோனிப்பிள்ளை நினைத்தார். அப்பாவும் அப்படியே நினைத்தார். தண்ணீரை எப்படியாவது ஓடவைப்பது ஒருவருக்குத் தெரிந்த அணை. ஒரு சொட்டும் ஓடாமல் பிடித்து வைப்பது மற்றவருக்குத் தெரிந்த அணை. இதை இரண்டு பேருமே வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. தெரிந்ததைப் போய் யார் பேசுவார்கள்?

"இந்தக் காலபோகம் ஒழுங்காப் போகட்டும்" என்றார் அந்தோனிப்பிள்ளை. "கடைசி மடைக்குக் கீழை மூண்டு ஏக்கர் சும்மா கிடக்குது. சங்கத்திலை சொல்லி உங்கட பேருக்கு எழுதுவிப்பம்."

மூன்று ஏக்கர். பரம்பரை பரம்பரையாகப் பிறத்தியான் மண்ணிலேயே பிறந்து, அதிலேயே புதைந்த சாதி நாங்கள். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு தினமும் பின்னேரம் அந்தக் காணிக்குப் போய், காலை இழுத்து இழுத்து, முள்ளுப் பற்றைகளை வெட்டினார். அம்மா பொறுமையில்லாதவ. காணி கைக்கு வரும் முன்பே ஒரு முருங்கைத் தடியை அதன் மூலையில் ஊன்றிவிட்டு வந்தா.

வெளியிலிருந்து சாமான் வராத காலம் அது. மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள் துளியூண்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் படித்தோம். உரம் இல்லை. விதைநெல்லைப் பிள்ளையைப் போலப் பொத்தி வைத்து விதைத்தார்கள். அந்தக் குளத்தில் நிற்கப்போகிற தண்ணீர்தான் ஊர் முழுவதற்கும் சோறு. அதற்குக் காவல் என் அப்பா.

வெயில் எறித்தது

பலகை தூக்கிய அன்று மத்தியானத்திலிருந்து மறுநாள் விடியும் வரைக்கும் துருசு திறந்தே கிடந்தது. மழைக்குப் பயந்தும், கரைப்பக்கம் பறந்து திரிந்த ஆமி ஹெலிகொப்டருக்குப் பயந்தும் ஊரில் யாரும் குளக்கட்டுப் பக்கம் தலை நீட்டவில்லை. வந்த தண்ணீரோடு குளத்தில் கிடந்த தண்ணீரும் சேர்ந்து, வாய்க்கால் நிரம்பி, வயலைத் தாண்டிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

குளத்துத் தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். துருசால் வெளியே வருகிற தண்ணீரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எனவே விடிந்ததும் அப்பா தானே ஆற்றுவாய் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து பலகைகளை இறக்கினார். பிறகு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிடி ஈரப்புல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விரலுக்கு நடுவில் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க அது?" என்று அம்மா கேட்டா.

"ஒண்ணுமில்ல."

நான் பள்ளிக்கூடத்துக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புல்லை மாட்டுக்குப் போட்டார்.

பகலில் அந்தோனிப்பிள்ளை சைக்கிளில் வந்தார். குளம் பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்ததைக் கண்டு சைக்கிளைக் கட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். ஆனால் ஏசவில்லை. "என்ன மாரிமுத்தர் இப்பிடிச் செய்துபோட்டியள்? சரி விடுங்கோ. மாரி இப்பதானே துவங்கினது, இன்னும் வரும்" என்றார்.

வரவில்லை. கார்த்திகை முழுக்க வெயில் எறித்தது. மார்கழியில் பனிதான் பெய்தது. கிடந்த தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாக விட்டுப் பார்த்தார்கள். நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் துருசால் சேறு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. கதிர் வெளியே வராமலே பயிர் வெளுத்தது. கோயிலில் பெண்கள் முழங்காலில் நின்று மன்றாடினார்கள். தை பிறந்தபோது வயலுக்குள் மாட்டை அவிழ்த்து விட்டார்கள்.

அப்பா தினமும் குளக்கட்டுக்குப் போய், வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலுக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

கதிரை கொடுக்கவில்லை

சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் யன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே ஊர் ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்குக் கதிரை கொடுக்கவில்லை.

"மாரிமுத்து, ஏன் துருசைத் திறந்தனீ?" அந்தோனிப்பிள்ளைதான் கேட்டார். அவர் முகம் வற்றிப்போயிருந்தது. அவருடைய வயலும்தான் போனது.

"தண்ணி செவந்து வந்துச்சுங்க ஐயா. செவந்து வந்தா தொறந்துரணும். மணிக்கு நிக்கக் கூடாது."

"என்ன மணி?"

மல்லிகாவைப் பற்றி அந்தச் சபையில் அப்பா சொல்லியிருக்கலாம். சொன்னால் இரங்கியிருப்பார்களோ என்னவோ. சொல்லவில்லை.

"செவந்து வந்ததோ?" அந்தோனிப்பிள்ளை எழும்பினார். "அண்டைக்கு மத்தியானம் நான் மாடு சாய்ச்சுக்கொண்டு ஆத்துவாயாலைதான் வந்தனான். என்ர கால்விரல் தெரியிற மாதிரித் தெளிவா வந்தது தண்ணி. ஆர் செவப்பைக் கண்டது?"

யன்னல் கம்பியை விட்டுவிட்டு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் இருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நாந்தாங்க ஐயா பாத்தேன்."

"இந்தக் காலோடை அவ்வளவு தூரம் போய்ப் பாத்தனியோ?"

"ஆமாங்க."

"தோட்டக்காட்டானிட்டைக் குளத்தைக் குடுத்தால் வேறை என்ன நடக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அந்தோனிப்பிள்ளை அவரை அடக்கவில்லை. துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பார்த்தது

நான் ஆற்றுவாய்க்குப் போகவேயில்லை.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. பாதி வழியில், கட்டு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஹெலிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி குப்புற விழுந்து, உடைமரத்தடியில் முள்ளுக்குள் கிடந்தேன். தலைக்கு மேலே அது இரண்டு தரம் சுற்றியது. பாவாடை நனைந்தது மழையால் மட்டுமல்ல. அது போன பிறகு எழும்பி, வந்த வழியே திரும்பி ஓடினேன்.

"பயந்துட்டேன்பா, பாக்கல" என்று சொல்லியிருந்தால் அப்பா தலையைத் தடவிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தானே போய்ப் பார்த்திருப்பார். ஆனால் என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பயத்துக்கு இருந்தது ஒரே நிறம். அதைச் சொன்னேன். அவர் பலகையைத் தூக்கினார், பிறகு சிரித்தார். இந்த முறை அவர் மணிக்காக நிற்கவில்லை. யாரையோ காப்பாற்றிவிட்டதாக நினைத்துத்தான் அப்படிச் சிரித்தார்.

காணி வேறு ஒருவருக்குப் போனது. அவர்கள் அளக்க வந்த நாளில் அம்மா போய் முருங்கைத் தடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தா. நாலைந்து தளிர் விட்டிருந்தது. நட இடமில்லாமல் சுவரில் சார்த்தி வைத்தோம். அங்கேயே காய்ந்தது.

அப்பாவை அதற்குப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மாவின் கூலியில்தான் அடுப்பெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து ஊரே இடம்பெயர்ந்தபோது, காட்டுக்குள் கூடாரமாகக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழே, காய்ச்சல் கண்டு அவர் செத்துப்போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு மூன்று நாள் கிடைத்தது.

அந்தப் புல்லில் செம்மண் இருக்கவில்லை. விடிகாலையில் அதைப் பிடுங்கி விரலில் இழுத்துப் பார்த்தபோதே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டுதான் அந்தச் சபையில் நாந்தான் என்றார். ஒருநாளும் என்னிடம் அவர் கேட்கவில்லை.

அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை காலமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அதுவும் பொய்தான்.